பாதி நாலு, பாதி ஐந்து

"சாவு இங்கேதான் நடந்திருக்கு," என்று மீட்டர்காரர் இடுக்கியின் முனையால் சுட்டிக் காட்டினார்.

ரேடியோ பயபக்தியோடு குனிந்து பார்த்தான். வெள்ளைத் துணி விரித்த மேஜை மேல், பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் மீட்டர் வயிறு திறந்து கிடந்தது. எண் சக்கரங்களுக்குப் பக்கத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு பிளாஸ்டிக் பல்சக்கரம். வயதாகி மஞ்சள் பூத்திருந்த அதில், வரிசையாக மூன்று பற்களைக் காணவில்லை.

"மூணு பல்லுதானே போயிருக்கு? இதுக்குப் போய் எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்க? நீங்களே கட்டி விட்டிருக்கலாமே," என்றான், பின்னால் நின்ற பெண்ணிடம்.

அந்தப் பெண் பல் டாக்டர். அன்று காலைதான் அவர்கள் ஆபீஸ் படியேறி வந்து, இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்து, ஒரு பாட்டம் அழுது, இந்த விவகாரத்தை ஒப்படைத்திருந்தார். ஜோக்குக்குச் சிரிக்கிற நிலையில் அவர் இல்லை.

"ரேடியோ, வால்யூமைக் குறை," என்றார் மேடம், திரும்பிப் பார்க்காமலே.

மேடம் தன் வேலைக்காலம் முழுவதையும் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்தே கழித்தவர். பொய் கேட்டுக் கேட்டுக் காது தடித்தவர். ஓய்வு பெற்ற கையோடு, ஒரு சாவிக்கடை மாடியில் அறை பிடித்து 'தனியார் விசாரணை' என்று போர்டு மாட்டிவிட்டார். ரேடியோ அங்கே டிரைவர், எடுபிடி, உதவி அதிகாரி எல்லாம். அவனுக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று உண்டு. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே மேடம் அதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினார். காரணம் கேட்டவர்கள் யாரும் இல்லை. அவனோடு ஒரு மணி நேரம் இருந்தாலே விளங்கிவிடும்.

விவகாரம் இதுதான். பல் டாக்டரின் அப்பாவிடம் சிவப்பு நிறத்தில் இரண்டே சீட் கொண்ட ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருந்தது. மேலே துணிக் கூரை, வேண்டும்போது மடக்கிக்கொள்ளலாம். பெரியவருக்கு அதன் மேல் பெற்ற பெண் மேல் இருப்பதைவிட ஒரு பிடி அதிகப் பாசம். அந்த வண்டியின் மீட்டர் 77770-ஐத் தொட்ட அன்று, அவர் அதை ஷெட்டில் நிறுத்தி உறை போட்டுவிட்டார். இன்னும் ஏழு கிலோமீட்டர் போனால் ஐந்து ஏழும் வரிசையாக விழும். அந்த ஏழு கிலோமீட்டரை வருங்கால மாப்பிள்ளை ஓட்ட வேண்டும், தான் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. நாளைக்கு, ஞாயிற்றுக்கிழமை, அதற்கு நாள் குறித்திருந்தார்.

புதன்கிழமை வண்டியைத் துடைக்கலாம் என்று உறையை எடுத்தால், மீட்டரில் நாலு ஏழுகள் நிற்கின்றன, கடைசியில் பாதி நாலும் பாதி ஐந்துமாக ஒரு எண் தொங்குகிறது. வண்டியை வாசல் வரை ஓட்டிப் பார்த்தார். வேகம் காட்டும் முள் எழுந்து ஆடியது. எண் அசையவில்லை.

முந்தின நாள் பகலில் பெரியவர் கண் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தார். அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளை வீட்டுக்கு வந்திருக்கிறார். எதிர்வீட்டுக்காரர் தூங்கி எழுந்து ஜன்னலுக்கு வந்தபோது, மாப்பிள்ளை ஷெட்டிலிருந்து வேர்த்து விறுவிறுத்து வெளியே வருவதைப் பார்த்திருக்கிறார். பெரியவர் கூப்பிட்டுக் கேட்டால், "என்னால ஒண்ணும் சொல்ல முடியாது மாமா, மன்னிச்சுக்குங்க" என்று ஒரே பாட்டு.

"அப்பா என்ன சொல்றார்னா, வண்டியை எடுத்ததைக்கூட மன்னிச்சுடுவேன், மறைக்கிறவனுக்குப் பொண்ணு கொடுக்க மாட்டேன்னு," என்றார் பல் டாக்டர். "நாளைக்குக் காலைல உண்மை வரலைன்னா கல்யாணம் இல்லையாம். ஊர்ல எல்லார் வாயையும் நான் திறக்க வைக்கிறேன். அவர் வாயை மட்டும் திறக்க முடியலை."

"அவரும் டாக்டர்தானே?" என்று மேடம் கேட்டார்.

"மயக்க மருந்து டாக்டர்."

"உங்க வேலை வாயைத் திறக்க வைக்கிறது, அவர் வேலை மூட வைக்கிறது," என்றான் ரேடியோ. "நல்ல பொருத்தம்."

இந்தத் தடவை பல் டாக்டர் லேசாகச் சிரித்துவிட்டார். சிரித்ததும் கண் மறுபடி கலங்கியது. "பாவம், அம்மாதான் ரொம்பத் தவிக்கிறாங்க. அவர் மேல பழி வரக் கூடாதுன்னு, வண்டியை நான்தான் எடுத்தேன்னுகூடச் சொல்லிப் பார்த்தாங்க. அப்பா சிரிச்சுட்டார்."

"அம்மாங்க அப்படித்தான்," என்றான் ரேடியோ. "எங்க வீட்ல நான் உடைச்ச ஜன்னல் கண்ணாடி எல்லாம் எங்க அம்மா கணக்குலதான் இருக்கு."

மேடம் கைப்பையைத் திறந்து ஒரு பெப்பர்மின்ட் எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். ரேடியோ கவனித்தான். மேடம் சும்மா பெப்பர்மின்ட் சாப்பிடுகிற ஆள் இல்லை. மண்டைக்குள் ஏதாவது ஒன்று 'டக்'கென்று மாட்டினால்தான் கை அந்தப் பைக்குப் போகும். எது மாட்டியது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

"இது தானா உடைஞ்சதா, உடைக்கப்பட்டதா?" என்று மேடம் மீட்டர்காரரிடம் திரும்பினார்.

இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவர் போல மீட்டர்காரர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவருக்கும் வாய் லேசில் ஓயாது. பார்த்த நிமிஷத்திலேயே ரேடியோவுக்கு அவரைப் பிடிக்காமல் போனதற்கு அது ஒன்றுதான் காரணம்.

"மேல இருக்கே, இது வண்டி பிறந்ததிலேர்ந்து ஓடின மொத்தக் கணக்கு. கீழே சின்னதா இருக்கே, இது ட்ரிப். இங்கேர்ந்து அங்கே எவ்வளவுன்னு அளக்கறதுக்கு. பொத்தானை அமுக்கினா ஜீரோவுக்கு வந்துடும். இப்ப வர்ற வண்டியில எப்ப வேணாலும் அமுக்கலாம். இந்தக் காலத்து வண்டி இல்லை இது. நிக்கும்போதுதான் அமுக்கணும். ஓடும்போது அமுக்கினா கேபிள் முன்னால தள்ளும், பொத்தான் பின்னால இழுக்கும். நடுவுல மாட்டிக்கிட்டுச் சாகறது இந்தப் பொடியன்தான்."

"ட்ரிப்ல இப்ப என்ன நிக்குது?"

"எல்லாம் ஜீரோ. அமுக்கின அந்த நிமிஷமே பல்லு போயிருக்கு. அதுக்கப்புறம் வண்டி எங்க போச்சோ, எவ்வளவு போச்சோ, மீட்டருக்குத் தெரியாது."

மேடம் எண்ணை உற்றுப் பார்த்தார். "அப்ப வீட்லேர்ந்து நாலரை கிலோமீட்டர் தூரத்துல, ஓடிக்கிட்டிருக்கிற வண்டியில, யாரோ பொத்தானை அமுக்கியிருக்காங்க."

"எவனோ கை அரிப்பு எடுத்தவன்," என்றான் ரேடியோ.

"திருட்டுத்தனமா வண்டி எடுக்கிறவன் உள்ளூர்ல தூரம் அளந்து என்ன பண்ணப் போறான்? ரேடியோ, எடுத்தவங்களை விடு. அமுக்கினவங்களைத் தேடு."

மீட்டர்காரர் ஒரு டப்பாவைத் திறந்து, பளபளவென்று புதுப் பல்சக்கரம் ஒன்றை எடுத்தார். "சாயங்காலத்துக்குள்ள மாட்டிக் கொடுத்துடுவேன். அப்படியே எண்ணையும் எழுபதுக்குத் திருப்பி வச்சுடட்டுமா? பெரியவர் மனசு ஆறும், கல்யாணமும் நடக்கும்."

பல் டாக்டரின் முகத்தில் அந்த ஆசை ஒரு கணம் வந்து போனதை ரேடியோ பார்த்தான்.

"சக்கரத்தை மாத்துங்க. எண்ணைத் தொடாதீங்க," என்றார் மேடம். "நம்மகிட்ட இருக்கிற ஒரே சாட்சி அது."

*

மயக்க டாக்டரை ஆஸ்பத்திரியின் பின்பக்கம், வண்டிகள் நிறுத்தும் இடத்தில் பிடித்தார்கள். பொறுமையான முகம். ஆனால் எதைக் கேட்டாலும் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அன்னைக்கு ஷெட்டுக்குள்ள போனீங்களா?"

"சொல்ல முடியாது."

"வண்டியை எடுத்தீங்களா?"

"மன்னிக்கணும்."

அந்த நேரத்தில் ஒரு ஆம்புலன்ஸ் உள்ளே வந்து, மேடத்தின் பழைய கார் வழியை அடைப்பதைப் பார்த்து ஹார்ன் அடித்தது. ரேடியோ காருக்கு மறுபக்கம், ஒரு தூணுக்கும் கதவுக்கும் நடுவில் செருகிக்கொண்டு நின்றான். தூண் இடிக்காமல் அந்தக் கதவைத் திறக்க வழியில்லை. இடம் இருந்தாலும் அதற்கு மனசு வந்தால்தான் திறக்கும்.

"சார், கொஞ்சம் பின்னாடி எடுத்து விடுங்களேன்," என்று சாவியைக் கூரை மேல் தள்ளிவிட்டான்.

மயக்க டாக்டர் சாவியைப் பிடித்தார். காருக்குள் உட்கார்ந்தார். குனிந்து, இரண்டு சீட்டுக்கும் நடுவில், கியர் தண்டின் அடியில் கையால் துழாவினார். அங்கே ஒன்றும் அகப்படாமல் நிமிர்ந்து, ஸ்டியரிங் பக்கத்தில் துளையைக் கண்டுபிடித்துச் சாவியைச் செருகினார். முதலில் வைப்பர் ஆடியது. அடுத்து என்ஜின் மூடி 'டப்'பென்று திறந்துகொண்டது. பிறகு கார் ஒரு அடி முன்னால் குதித்து அணைந்துபோனது. ரேடியோ தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு, தன் வாழ்நாளில் முதல் தடவையாகப் பேச்சிழந்து நின்றான்.

ஆம்புலன்ஸ் டிரைவரே இறங்கி வந்து காரை நகர்த்திக் கொடுத்தார்.

"உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியாது," என்றார் மேடம்.

மயக்க டாக்டர் தலையைக் குனிந்துகொண்டார். "முதல் தடவை வீட்டுக்குப் போனப்ப மாமா கேட்ட முதல் கேள்வியே, கியர் வண்டி பிடிக்குமா, கியர் இல்லாத வண்டி பிடிக்குமான்னுதான். ரெண்டும் ஓட்டுவேன்னுட்டேன். அவ பக்கத்துல நின்னு சிரிச்சுக்கிட்டிருந்தா. வேற என்ன சொல்லியிருக்க முடியும்? அவருக்கு ஓட்டத் தெரியாத ஆம்பளைன்னா பாதி ஆள்தான். இதை மட்டும் அவர்கிட்ட சொல்லிடாதீங்க. எனக்கு அவ வேணும்."

கடைசி வார்த்தையை அவர் சொன்ன விதத்தில் ரேடியோவுக்கு மனசு இளகிவிட்டது. காரில் ஏறியதும் வெற்றிக் களிப்போடு கையைத் தேய்த்துக்கொண்டான்.

"முடிஞ்சுது மேடம். மனுஷனுக்கு ஓட்டவே தெரியாது, அப்ப வண்டியை எடுத்தது இவர் இல்லை. ஆனா அதைச் சொன்னா பொய் சொன்ன குத்தத்துக்கு மாட்டுவார், சொல்லலைன்னா திருட்டுக் குத்தத்துக்கு மாட்டுவார். அதான் வாயை மூடிக்கிட்டிருக்கார். பாவம், மயக்க மருந்தைத் தனக்கே போட்டுக்கிட்ட மாதிரி ஆயிடுச்சு."

மேடம் பெப்பர்மின்டைக் கடித்து நொறுக்கினார். "எடுக்கலைன்னு அவர் சொன்னாரா?"

"அதை வேற தனியா சொல்லணுமா?"

"வண்டியை எடு. பெரியவர் வீட்டு வாசல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

*

மேடத்தின் காரில் ட்ரிப் மட்டும் ஒழுங்காக வேலை செய்தது. பெரியவர் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஜீரோ செய்துவிட்டுக் கிளம்பினார்கள். தெரு முனையில் சாலை மூன்றாகப் பிரிந்தது. முதல் வழியில் போனால் நாலரை கிலோமீட்டரில் மார்க்கெட்டின் நடு வயிற்றில், வாழைக்குலை லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டார்கள். இரண்டாவது வழி ஒரு ரயில்வே கேட்டில் கொண்டு போய் விட்டது. மூடிய கேட்டுக்கு முன்னால் உட்கார்ந்து ரேடியோ தன் கல்யாண யோசனைகளைச் சொல்லிக்கொண்டு வந்தான். மேடம் கண்ணை மூடிக்கொண்டார்.

மூன்றாவது வழி தண்ணி டேங்க்கைத் தாண்டி ஊருக்கு வெளியே போனது. பழைய சாலை, புதுச் சாலை போட்ட பிறகு யாரும் வராமல் நேராக, அகலமாக, காலியாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் புல். மீட்டரில் நாலரை வந்ததும் மேடம் கையைத் தூக்கினார். ரேடியோ நிறுத்தினான்.

ஓரத்தில் ஒரு கிலோமீட்டர் கல் நின்றது. தலையில் மஞ்சள் பூச்சு. வேறு ஒரு வீடு, கடை, மனிதர் கிடையாது.

"இங்க வந்து என்னத்தைத் திருடறது?" என்று ரேடியோ சுற்றிலும் பார்த்தான். "நல்ல ரோடு மேடம். எங்க சித்தப்பா எனக்கு ஓட்டக் கத்துக் கொடுத்தது இப்படி ஒரு ரோட்லதான். எவன் மேலயும் மோத முடியாது பாருங்க."

மேடம் அவனையே பார்த்தார். பிறகு பையைத் திறந்து, ஒரு பெப்பர்மின்டை எடுத்து அவன் கையில் வைத்தார். அவனோடு வேலை செய்ய ஆரம்பித்ததிலிருந்து அவர் அவனுக்குக் கொடுத்த முதல் பெப்பர்மின்ட் அதுதான். எதற்கு என்று கேட்டால் பிடுங்கிவிடுவாரோ என்று ரேடியோ சட்டென்று வாயில் போட்டுக்கொண்டான்.

*

பெரியவர் ஷெட்டில் இருந்தார். மீட்டர் இருந்த இடத்தில் வட்டமாக ஓட்டை விழுந்த டாஷ்போர்டை, பல் பிடுங்கின வாயைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி ஒரு பழைய துணியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். குள்ளமான, ஒல்லியான அம்மாள். கும்பிடு போட்டுவிட்டு, துடைப்பதை விடாமல் தொடர்ந்தார்.

"இந்த வண்டியை எல்லாராலயும் கிளப்பிட முடியாது," என்றார் பெரியவர், ரேடியோவிடம். துக்கத்திலும் பெருமை குறையவில்லை. "தம்பி, உள்ளே உட்கார்ந்து சாவித் துளை எங்கே இருக்குன்னு கண்டுபிடிங்க பார்க்கலாம்."

ரேடியோ உட்கார்ந்தான். ஸ்டியரிங் பக்கத்தில் தேடினான். டாஷ்போர்டைத் தடவினான். இல்லை.

"கியருக்குக் கீழே பாருங்க. ரெண்டு சீட்டுக்கும் நடுவுல. இந்த மாதிரி வேற வண்டி இந்த ஊர்ல கிடையாது."

ரேடியோவின் கை கியர் தண்டின் அடிக்குப் போனது. துளை விரலில் தட்டுப்பட்டது. வாயில் கரைந்துகொண்டிருந்த பெப்பர்மின்டைக் கடித்து நொறுக்கினான். காலையில் இதே இடத்தில், வேறு ஒரு வண்டியில், ஒருவர் குனிந்து துழாவியதை அவன் கண்ணால் பார்த்திருந்தான். ஓட்டவே தெரியாத ஒருவருக்குச் சாவித் துளை இங்கேதான் இருக்கும் என்று யார் சொல்லிக் கொடுத்தது? மெதுவாக மேடத்தை நிமிர்ந்து பார்த்தான். இவ்வளவு நேரம் ஆச்சா உனக்கு என்பது போல மேடம் புருவத்தை உயர்த்தினார்.

"ட்ரிப் பொத்தான் எங்கே?" என்று கேட்டார் மேடம்.

"அதோ, டாஷ்போர்டுக்கு அடியில, அந்தப் பக்கம். ஓட்டறவங்க நல்லாக் குனிஞ்சாத்தான் எட்டும்."

"பக்கத்துல உட்கார்ந்தவங்களுக்கு?"

"கையை நீட்டினாப் போதும்."

"ஓடும்போது அதைத் தொடக் கூடாதுன்னு யார் யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும். மீட்டர் ரிப்பேர் பண்றவருக்குத் தெரியும்."

"வீட்ல?"

"வீட்ல இருக்கிறவங்களுக்கு அதெல்லாம் எதுக்கு?" என்றார் பெரியவர்.

கண்ணாடி துடைத்துக்கொண்டிருந்த கை ஒரு கணம் நின்று, மறுபடி துடைத்தது.

மேடம் ஷெட் சுவரில் மாட்டியிருந்த கறுப்பு வெள்ளைப் படத்துக்கு முன்னால் போய் நின்றார். இளவயதுப் பெரியவர் சேறு அப்பிய ஒரு காரின் பம்பர் மேல் காலை வைத்து, கோப்பையைத் தூக்கிப் பிடித்திருந்தார். அவருக்குப் பின்னால், பாதி மறைந்து, கழுத்தில் ஸ்டாப் வாட்ச் தொங்க ஒரு பெண்.

"இது யாரு?"

"இவதான். அப்ப கல்யாணம் ஆகலை. கார் ராலிப் பந்தயத்துல எனக்கு வழி சொல்றவ." பெரியவரின் குரல் தானாகவே உற்சாகமானது. "லேசான வேலை இல்லைங்க. ஒவ்வொரு கல்லையும் தாண்டும்போது மீட்டரை ஜீரோ பண்ணணும். அங்கேர்ந்து அடுத்த திருப்பம் எவ்வளவு தூரம்னு கத்தணும். நான் பறந்துக்கிட்டிருப்பேன், நிறுத்தவே மாட்டேன். கண்ணால கல்லைப் பார்ப்பா, கை தன்னால பொத்தானுக்குப் போயிடும். அந்த வண்டியில அதுக்குன்னே தனியா ஒரு மீட்டர் வச்சிருந்தோம், எப்ப வேணாலும்..."

அவர் நிறுத்திவிட்டார்.

பெரியவர் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

"நான் புதன்கிழமையே சொன்னேனே," என்றார் அந்த அம்மாள்.

"நீ... நீ சும்மா அவனைக் காப்பாத்தறதுக்காகச் சொல்றேன்னு..."

"நீங்க சிரிச்சீங்க. உனக்கு இதைக் கிளப்பத் தெரியுமான்னு கேட்டீங்க. எத்தனை வருஷமா உங்க பக்கத்து சீட்ல உட்கார்ந்து உங்க கையையே பார்த்துக்கிட்டு வரேன். சாவித் துளை என் முழங்கால் பக்கத்துலதான் இருக்கு." அம்மாள் துணியை மடித்துக் கீழே வைத்தார். குரல் உயரவே இல்லை. "ரெண்டாவது தடவை சொல்ல எனக்கு மனசு வரலை. ஞாயித்துக்கிழமை காலைல சாவியைக் கையில வாங்கி, ஓட்டிக் காட்டியே சொல்லிக்கலாம்னு இருந்தேன்."

"ஆனா நீ பக்கத்து சீட்லன்னா, ஓட்டினது யாரு?"

"நான்தான் மாமா," என்று வாசலில் ஒரு குரல் கேட்டது. மயக்க டாக்டர் நின்றுகொண்டிருந்தார். பின்னால் பல் டாக்டர், துணியில் சுற்றிய மீட்டரைக் கையில் ஏந்தியபடி. "நான்தான் ஓட்டினேன். எனக்கு ஓட்டத் தெரியாது."

இரண்டுமே உண்மை என்பதைப் பெரியவர் விளங்கிக்கொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. மிச்சத்தை அம்மாளே சொன்னார். மாப்பிள்ளை முதல் தடவை வீட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்த அன்றைக்கே, அவர் கால் தரையில் பிரேக்கைத் தேடாமல் இருந்ததைப் பார்த்தே தனக்கு விஷயம் தெரிந்துவிட்டது என்றார். பெரியவர் ராலிக் கதை சொல்லி வாயாலேயே வண்டி ஓட்டும்போது, ஓட்டத் தெரிந்தவர் கால் தன்னால் தரையை மிதிக்குமாம், பக்கத்தில் உட்கார்ந்தவரோ சும்மா காற்று வாங்கினாராம். ஞாயிற்றுக்கிழமை எல்லார் முன்னாலும் அவமானப்படக் கூடாதே என்று, அம்மாள்தான் கூப்பிட்டனுப்பி அந்தக் காலிச் சாலையில் ஓட்டிப் பழக வைத்திருக்கிறார். கல் வந்தது. கை தன்னால் போனது.

"என்னமோ நொறுங்கற சத்தம் கேட்டுது. பையனுக்குக் கை கால் எல்லாம் நடுங்கிடுச்சு. அங்கேர்ந்து திருப்பி நான்தான் ஓட்டிக்கிட்டு வந்தேன். இவனை வாயைத் திறக்காதேன்னு சொன்னதும் நான்தான், நானே பேசிக்கறேன்னு. பேசினேன். நீங்க சிரிச்சீங்க."

பெரியவர் வண்டியின் சக்கர வளைவில் உட்கார்ந்துவிட்டார். "போக நாலரை, வர நாலரை," என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டார். முகம் சுருங்கியது. "அப்ப ஏழு போயிடுச்சு. நிஜமா ஓடின கணக்குல ஏழு எல்லாம் விழுந்து தாண்டிப் போயிடுச்சு. யாருமே பார்க்கலை."

"நான் பார்த்தேன்," என்றார் அம்மாள். "மீட்டர் நின்னா என்ன? நான் மனசுக்குள்ள தூரம் எண்ணிக்கிட்டேதானே வந்தேன். தண்ணி டேங்க் பக்கத்துல விழுந்துது. கை தட்டத்தான் ஆள் இல்லை. இவன் கண்ணை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தான்."

பெரியவர் வண்டியின் சிவப்புத் தகட்டை ஒரு தடவை தடவிக்கொடுத்தார். பிறகு, கேட்கக் கூடாததைக் கேட்பவர் போலத் தயங்கிக் கேட்டார். "எப்படி இருந்துது? ஓட்டறதுக்கு?"

"நல்லா இழுக்குது. மூணாவது கியர்தான் கொஞ்சம் முரண்டு பண்ணுது. நீங்க ஒரு நாளும் சொன்னதில்லையே."

"ஷெட்ல கொண்டு வந்து நிறுத்தினது?"

"நான்தான்."

"அதான் பார்த்தேன்," என்றார் பெரியவர். "நான் நிறுத்தினா ஒரு சக்கரம் எப்பவும் கோட்டை விட்டு விலகித்தான் நிக்கும். அன்னைக்கு நூல் பிடிச்ச மாதிரி நின்னுது. பய சொல்லாம எடுத்தாலும் கைத்தொழில் பிரமாதமா தெரிஞ்சிருக்குன்னு மனசுக்குள்ள பாராட்டிக்கிட்டிருந்தேன்."

ரேடியோவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அம்மாளுக்கும் உதடு லேசாகத் துடித்தது.

"அப்பா, கல்யாணம் உண்டா இல்லையா?" என்றார் பல் டாக்டர். துணி விலகிய மீட்டரை இறுக்கிப் பிடித்திருந்தார்.

பெரியவர் மாப்பிள்ளையை ஏற இறங்கப் பார்த்தார். "வேற என்னென்ன தெரியாது?"

"நீச்சல் தெரியாது மாமா."

"அது எனக்கும் தெரியாது." எழுந்து, பெண்ணின் கையிலிருந்து மீட்டரை வாங்கிக்கொண்டார். "பிடிச்சா இப்படிப் பிடிக்கணும், கண்ணாடியில விரல் படக் கூடாது. உங்க அம்மா வார்த்தையையே சிரிச்சுத் தள்ளினவன் நான். இவன் சொன்ன பொய்யை மட்டும் பிடிச்சு வச்சுக்கிட்டா நல்லா இருக்குமா? நடக்கட்டும்."

*

ஞாயிற்றுக்கிழமை காலையில் மீட்டர் தன் ஓட்டையில் ஏறி உட்கார்ந்திருந்தது. எண் அதே பாதி நாலு, பாதி ஐந்துதான். மீட்டர்காரர் நேரிலேயே வந்து, தான் இல்லாவிட்டால் இந்தக் கல்யாணமே இல்லை என்று ஆள் ஆளாகப் பிடித்துச் சொல்லிக்கொண்டிருந்தார். ரேடியோ அவரை வெறுப்போடு பார்த்தான். அது அவன் சொல்ல வேண்டிய வசனம்.

சிவப்பு வண்டியின் கூரை மடக்கி வைத்திருந்தது. பெரியவர் சாவியை எடுத்தார். மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் ஓர் அடி முன்னால் வந்து, வெலவெலத்துப் பின்வாங்கினார். பெரியவர் அவரைத் தாண்டிப் போய், சாவியை மனைவி கையில் வைத்தார். பிறகு சுற்றிக்கொண்டு போய்ப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தார். அந்த சீட்டில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. காலை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறினார்.

"ட்ரிப்பை ஜீரோ பண்ணட்டுமா?" என்று கையை நீட்டினார்.

"இப்பவே பண்ணிடுங்க. கிளம்பினப்புறம் தொடாதீங்க," என்றார் அம்மாள்.

சிவப்பு வண்டி ஒரு குலுக்கலும் இல்லாமல் வாசலைத் தாண்டியது. மற்ற எல்லாரும் மேடத்தின் காரில் அடைந்துகொண்டு பின்னால் போனார்கள். ரேடியோ ஓட்டினான். பக்கத்தில் மயக்க டாக்டர், அவன் கையையும் காலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தார். திங்கட்கிழமையிலிருந்து அவருக்கு ஓட்டக் கற்றுக்கொடுப்பது ரேடியோ பொறுப்பு என்று மேடம் வாக்குக் கொடுத்திருந்தார். ரேடியோவைக் கேட்காமலே.

தண்ணி டேங்க் வந்தது. முன்னால் போன சிவப்பு வண்டி ஹார்ன் அடித்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நீளமாக ஒன்று.

"விழுந்துடுச்சா?" என்று மயக்க டாக்டர் எட்டிப் பார்த்தார்.

"மீட்டர்ல இல்லை. அதுக்கு இன்னும் அரை கிலோமீட்டர் போகணும்," என்றார் மேடம், பின் சீட்டிலிருந்து.

அம்மாளின் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருந்ததை ரேடியோ பார்த்தான். ஹார்னை அழுத்திக்கொண்டிருந்தது பக்கத்து சீட்டிலிருந்து நீண்ட கை.